கட்டுமானக் கம்பி மாறிய வரலாறு

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையில் எளிதில் விரிசல் விடும். அந்தக் குறையை ஈடுசெய்யவே உள்ளே கம்பி வைக்கப்படுகிறது. பிரான்சின் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, இரும்புக் கம்பி வைத்த சிமென்ட் தொட்டிகளுக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். வழுவழுப்பான கம்பி கான்கிரீட்டிலிருந்து நழுவக்கூடும் என்பதால், அமெரிக்காவில் எர்னஸ்ட் ரான்சம் சதுரக் கம்பியை முறுக்கி, 1884இல் காப்புரிமை பெற்றார்.

இந்தியாவில் நெடுங்காலம் வழுவழுப்பான மென்எஃகுக் கம்பியே புழங்கியது. அதன் நெகிழ்வு வலிமை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 250 நியூட்டன். குளிர்நிலையில் முறுக்கிய வரிக்கம்பிக்கான ஐ.எஸ். 1786 தரநிலை பின்னர் வந்தது. வலிமை 415 ஆக உயர்ந்ததால் குறைந்த எஃகே போதுமானதாயிற்று; ஆனால் முறுக்கியதால் கம்பியின் நீளும் தன்மை குறைந்தது.

அடுத்து வந்த டி.எம்.டி. (வெப்ப-இயந்திர முறையில் பதப்படுத்திய) கம்பி, உருட்டாலையிலிருந்து செஞ்சூட்டோடு வெளிவரும்போதே தண்ணீரால் குளிர்விக்கப்படுகிறது. மேற்பரப்பு கடினமாகிறது, உள்ளிருக்கும் வெப்பம் அதைப் பதப்படுத்த, நடுப்பகுதி மென்மையாக நீளும் தன்மையோடு அமைகிறது. இதனால் முறுக்குக் கம்பி வழக்கொழிந்தது.

ஐ.எஸ். 1786 தரநிலையின் 2008ஆம் ஆண்டுத் திருத்தம், கூடுதலாக நீளும் ‘டி’ வகைகளைச் சேர்த்தது. வலிமை 500 கொண்ட எஃப்.இ. 500 கம்பி உடையுமுன் குறைந்தது 12 சதவீதமும், எஃப்.இ. 500டி 16 சதவீதமும் நீள வேண்டும். நிலநடுக்கத்தில் கட்டடம் சட்டென இடியாமல் வளைந்து தாங்க இந்த நீட்சியே துணை. ஆகவே கம்பியைத் தேர்ந்தெடுக்கையில் வலிமை எண்ணோடு நீட்சியையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் சேர்த்துப் பார்ப்பது இன்றியமையாதது.