ஆவாரம்பட்டைத் தோல் நிறம்

மஞ்சளும் பழுப்பும் கலந்த இளநிறம். செருப்புக் கடைகளில் ‘டேன் கலர்’ என்று கேட்டு வாங்கப்படும் இது, மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்கு இயல்பாகவே வரும் நிறம். தமிழகத்தில் அதை நெடுங்காலம் தந்தது, புன்செய்க் காடுகளில் தானாக வளரும் ஆவாரை. அதன் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி.

சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் நீங்கிய தோலை முதலில் நீர்த்துப்போன பழைய பட்டைச்சாற்றில்தான் போடுவார்கள். எடுத்த எடுப்பில் கெட்டிச் சாறு பட்டால் மேற்புறம் இறுகிவிடும், உள்ளே துவர்ப்பு ஏறாது. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் வெளிறிய கோடு தெரியும். அது வேகாத தோல். படிப்படியாகச் சாற்றைக் கூட்டிக்கொண்டே போவதில்தான் தொழிலாளியின் திறமை இருக்கிறது. ஆவாரைத் தோலுக்கு ஒரு குணம் உண்டு: வெளிச்சம் பட்டால் சிவக்கும். இதைத் தடுக்கவே கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்தார்கள். வெளிர் மஞ்சள் அப்படி வந்ததுதான். பிறகு எண்ணெய் பூசி உலர்த்துவார்கள்.

19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து லண்டன் சென்ற இத்தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்றே பெயர் பெற்றது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸ் மேற்பகுதிக்கு இதையே பெருமளவில் வாங்கினார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் இத்தொழிலால் வளர்ந்தவை. அன்றைய வட ஆர்க்காட்டில் வணிகம் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்களுடையது. தொட்டியில் இறங்கிய உழைப்பு பெரும்பாலும் தலித் மக்களுடையது. இந்நிறத்தின் வரலாற்றில் அவர்கள் பெயர் பதிவாகாதது பெரிய குறை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன், குரோமிய உப்பில் தோலைப் பதனிடும் குரோம் முறையைச் சென்னையில் அறிமுகப்படுத்தினார். அம்முறையில் தோல் நீலமாக வெளிவரும். வேண்டிய சாயம் ஏற்றிக்கொள்ளலாம். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் ஆலையால் வந்தது. ஆவாரைக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் புகுந்தது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு நடுவண் அரசு வரம்பு விதிக்கவே, ஆலைகள் முழுமையாக்கிய தோலுக்கும் காலணிக்கும் திரும்பின.

இன்று டேன் நிறத்துக் காலணிகளில் பல, குரோம் தோலில் சாயம் ஏற்றியவை. பட்டையில் பதனிட்ட தோல் கையில் பழகப் பழக நிறம் ஆழ்ந்து மெருகேறும். சாயத்தில் அந்த அழகு வராது. தமிழ்நாட்டின் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. புத்தக பைண்டிங்குக்கும் காலணி உட்புறத்துக்கும் அது இன்றும் பயன்படுகிறது.