கடலோர உலோக அரிமானம்

கடலோர உலோக அரிமானம் என்பது கடல்நீராலும் உப்புக்காற்றாலும் உலோகங்களின் மேற்பரப்பு வேதிவினைக்கு உட்பட்டுச் சிதைவதாகும். இரும்பில் உண்டாவது துரு எனவும், செம்பில் உண்டாவது களிம்பு எனவும் வழங்கப்படும். சென்னை அடையாற்றுக் கழிமுகத்துக்குத் தெற்கே, பெசண்ட் நகர்க் கடற்கரையில் அமைந்த மீனவர் ஊரான ஊரூர் ஒல்காட் குப்பம் போன்ற இடங்களில் படகு இயந்திரம், சன்னல் கம்பி, வீட்டுக்கூரையினுள் உள்ள முறுக்குக்கம்பி ஆகிய அனைத்தும் இதற்கு உள்ளாகின்றன.

வினை நிகழும் முறை

துருப்பிடித்தல் ஒரு மின்வேதியியல் வினை. இரும்பின் ஒரு பகுதி நேர்மின்வாயாகி எதிர்மின்னிகளை இழந்து அயனியாகக் கரைகிறது. அந்த எதிர்மின்னிகள் உலோகத்தின் வழியே மற்றொரு பகுதியை அடைந்து, அங்கு ஆக்சிசனும் நீரும் சேர்ந்து ஐதராக்சைடு அயனியாக மாற உதவுகின்றன. இவ்விரு அயனிகளும் கூடி, மேலும் ஆக்சிசனேற்றம் அடைந்து, நீரேறிய இரும்பு ஆக்சைடு ஆகின்றன. இதுவே துரு.

உப்பு இவ்வினையில் செலவாவதில்லை. அது நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டுகிறது. அதன் குளோரைடு அயனி உலோகத்தின் காப்புப் படலத்தைக் குலைக்கிறது. மேலும், சோடியம் குளோரைடு ஏறத்தாழ 75% ஒப்பு ஈரப்பதத்திலும், கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு ஏறத்தாழ 33% ஈரப்பதத்திலுமே காற்றிலிருந்து நீரை ஈர்த்துக் கரையும். ஆகவே, மழையே பெய்யாத மாதங்களிலும் கடலோரக் கம்பிகளின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் நிலைத்திருக்கிறது. மழையில் நனையும் பகுதியை விட, மழை படாத அடிப்பகுதி விரைந்து அரிக்கப்படுவதற்கும் உப்பு கழுவப்படாமல் தங்குவதே காரணம்.

வினைத்திறனும் அரிமானமும்

வினைத்திறன் மிக்க உலோகம் விரைவில் அழியும் எனக் கருதுவது முழுவதும் சரியன்று. நியம மின்முனை அழுத்தம் அலுமினியத்துக்கு −1.66 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76, இரும்புக்கு −0.44, செம்புக்கு +0.34 ஆகும். இவ்வரிசைப்படி இரும்பை விட அலுமினியமே முதலில் அழிய வேண்டும். ஆனால் அதன் மேற்பரப்பில் உடனே உருவாகும் ஆக்சைடு படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. துரு அவ்வாறு காப்பதில்லை. பொருக்குப் பொருக்காக உதிர்ந்து புதிய இரும்பை வெளிக்காட்டுகிறது. கடல்நீரிலோ குளோரைடு அலுமினியத்தின் படலத்தையும் துளைத்துக் குழிகளை உண்டாக்கும்.

இரு வேறு உலோகங்கள் கடல்நீரில் தொட்டுக்கொண்டிருந்தால், அழுத்தம் குறைந்தது மற்றதற்காக அழியும். அலுமினியத் தகட்டில் செம்புத் திருகு பொருத்துவது இதனால் தவறாகும். இதே விதியைப் பயன்படுத்தித்தான் படகு இயந்திரங்களில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். கட்டி கரையும் வரை இயந்திர உறை தப்பும். கரைந்தபின் மாற்றாவிட்டால் உறை அரிக்கப்படும். கரை திரும்பியதும் இயந்திரத்தை நன்னீரால் கழுவுவதும் பயன் தரும்.

கட்டுமரத்தில் இச்சிக்கல் இல்லை. அதன் மரங்கள் கயிற்றால் பிணைக்கப்படுபவை. கோரமண்டல் கரையின் பழைய மசுலாப் படகும் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டதே. எனினும் அலையின் மோதலுக்கு வளைந்து கொடுக்க வேண்டும் என்பதே அதற்கு முதன்மையான காரணம், துரு அன்று.

கான்கிரீட்டினுள் அரிமானம்

குடியிருப்போருக்கு மிகுந்த ஆபத்தை விளைவிப்பது இவ்வகையே. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம் (காரகாடித்தன்மைச் சுட்டெண் 12.5க்கும் மேல்). அக்காரச் சூழலில் கம்பியின் மேல் காப்புப் படலம் உருவாகிறது. நாளடைவில் குளோரைடு நுண்துளைகள் வழியே ஊடுருவிக் கம்பியை அடைந்ததும் படலம் உடைகிறது. துருவின் கனஅளவு இரும்பை விட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருப்பதால், அது கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கிறது. முதலில் கம்பியின் நெடுகே விரிசல், பின்னர் கூரைக்காரை பெயர்ந்து விழுதல் என்பது வழக்கமான வரிசை. உவர்நீரிலோ கழுவாத கடல்மணலிலோ கலவை போட்டால் குளோரைடு வெளியிலிருந்து வரவேண்டிய தேவையே இல்லை.

இந்தியத் தரம் 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என வகுத்துக் கம்பியின் மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடாக்கு கேட்கிறது. கடல்நீர்த் தெறிப்பு படும் இடத்தில் 50 மி.மீ., அலை ஏறி இறங்கும் பகுதியில் 75 மி.மீ. கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

பெயர்ந்த இடத்தைச் சிமெண்டால் பூசி மறைப்பது தீர்வாகாது. துருப்பிடித்த பகுதி நேர்மின்வாயாக இருந்து தன் அருகிலுள்ள கம்பியைக் காத்து வந்தது. அதனை மட்டும் சீர்செய்தால், குளோரைடு ஏறிய அண்டைப் பகுதி நேர்மின்வாயாக மாறி, ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியே மீண்டும் விரிசல் விடும். கம்பியின் பின்புறம் வரை வெட்டித் துருவை அகற்றுவதுடன், குளோரைடு ஏறிய அண்டைக் கான்கிரீட்டையும் நீக்கவேண்டும்.

குப்பத்துக்கு அருகே கழிமுகத்தில் நிற்கும் உடைந்த பாலத்தை அரிமானத்துக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. 1967இல் கட்டப்பட்ட அப்பாலம் 1977இல் நீரோட்டத்தின் வேகத்தால் முறிந்தது.

பாம்பனும் காரைக்குடியும்

தமிழகத்தில் அரிமானத்தால் பெரிதும் பாதிக்கப்பட்ட கட்டமைப்பு, 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலம் எனலாம். 2022 திசம்பரில் அதில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிமானத்தை ஆய்வு செய்து வருகிறது. கான்கிரீட் கம்பிகளுக்கான சிமெண்ட்-பல்லுறுப்பிப் பூச்சு அங்கு உருவாக்கப்பட்டது. மண்டபம் கடற்கரையிலும் இந்நிறுவனத்திற்கு ஆய்வு நிலையம் உண்டு.