தனி, தொடர், கலவை: ஒரு வகைப்பாட்டின் வரலாறு

பள்ளித் தமிழ் இலக்கணம் வாக்கியங்களைத் தனி, தொடர், கலவை என அமைப்பு வகையால் மூன்றாகப் பகுக்கிறது. மாணவர் பலர் இதனைப் பழந்தமிழ் மரபெனவே கருதுகின்றனர். உண்மையில் இப்பகுப்பு ஆங்கில இலக்கணத்தின் வழி வந்தது. ஆங்கிலத்திலும் இது மிகப் பழையதன்று.

1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணம் தனி, கூட்டு என இரு வகைகளையே கூறியது. சார்பு வாக்கியம் உடையவற்றைக் கலவை எனப் பிரிக்கும் வழக்கம், ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்ட் பெக்கரின் தொடரியல் கருத்துகள் இங்கிலாந்தை எட்டியபின் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. 1852இல் வெளியான மோரெலின் வாக்கியப் பகுப்பாய்வு நூல் அதற்குத் துணைநின்றது. இந்திய வகுப்பறைகளுக்கு அதனைக் கொண்டுசேர்த்தவை நெஸ்ஃபீல்டின் பாடநூல்களும், பின்னர் வந்த ரென்–மார்ட்டின் இலக்கணமுமாகும்.

ஆங்கிலப் பகுப்பு முற்றுவினைகளை எண்ணி அமைவது. ஒருவன் வருதல், உண்ணுதல், உறங்குதல் ஆகியவற்றை ஆங்கிலம் இயல்பாக மூன்று முற்றுகளால் சொல்லும். தமிழோ ‘வந்து, உண்டு, உறங்கினான்’ என ஒரே முற்றில் முடிக்கும். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்கிவரும் இம்மைசூருவில், கன்னடரும் ‘பந்து, உண்டு, மலகிதனு’ என்றே கூறுவர். நம் ‘வந்து’ அவர்க்குப் ‘பந்து’. ஆகவே தொடர் வாக்கியத்திற்குச் சான்று காட்ட விழையும் பாடநூல் ‘வந்தான், உண்டான், உறங்கினான்’ என எழுத நேர்கிறது. ஆங்கிலத்தில் இணைப்புச்சொல் செய்யும் பணியை இங்கே காற்புள்ளி செய்கிறது.

தொல்காப்பியர் வாக்கியத்திற்கெனத் தனி இயல் வகுக்கவில்லை. ஆயினும் வினையெச்சங்கள் பல அடுக்கி வரினும், முடிக்கும் வினை வந்தவுடன் அனைத்தும் பொருள் நிரம்பும் என வினையியலில் விதித்துள்ளார். திராவிட மொழிகள் இணைப்புப் பெயர்களுக்கு மாற்றாகப் பெயரெச்சங்களைக் கையாள்வதைக் கால்டுவெல்லும் 1856இல் சுட்டினார்.

இது வெறும் வரலாற்று ஆர்வத்திற்குரிய செய்தியன்று. ‘மழை பெய்ததால் ஆட்டம் நின்றது’ என்பது எவ்வகை வாக்கியம்? முற்றினை எண்ணினால் தனி. எழுவாய்களை நோக்கினால் கலவை. ஒரே விடைக்கு ஓர் ஆசிரியர் மதிப்பெண் வழங்கலாம், மற்றொருவர் மறுக்கலாம். தவறு மாணவருடையதன்று, அளவுகோலினுடையது.

ஆங்கிலம் கற்போர்க்கு இம்மூவகைப் பகுப்பு பயன் தரும். தமிழ்த் தொடரியலை முற்றிலும் எச்சத்திலும் தொடங்கிக் கற்பிப்பதே பொருத்தம். வகுப்பில் தமிழ் கற்பிக்கும் நண்பர்கள் தம் பட்டறிவைப் பகிர வேண்டுகிறேன்.