ஒரு சுருள்வில்லும் 1878ஆம் ஆண்டுச் சட்டமும்

அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியில் தேய்ந்து தளர்ந்து மாற்றப்பட வேண்டிய உறுப்புகளுள் முதன்மையானது, சுடும்போது பின்னோக்கி ஓடும் மேற்கட்டையாகிய ஸ்லைடை மறுபடி முன்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிவைக்கும் சுருள்வில்லாகும். அது தளர்ந்துவிட்டால் ஸ்லைடு துப்பாக்கியின் உடற்பகுதியில் ஓங்கி மோதிச் சேதம் விளைவிக்கும். அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தாலோ ஸ்லைடு முழுத் தொலைவு பின்செல்லாமல், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியேறாது சிக்கிக்கொள்ளும். ஒரே வடிவமைப்பாளரின் படைப்புகளுக்குள்கூட ஒன்றின் வில் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. ஜான் பிரௌனிங் வடிவமைத்துப் பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை செய்த 1900ஆம் ஆண்டு மாதிரியில் வில் குழலுக்கு மேலே கிடந்து, ஸ்லைடைத் திருப்புவதோடு சுடுமுள்ளை உந்தும் வேலையையும் சேர்த்தே செய்தது. 1910ஆம் ஆண்டு மாதிரியிலோ அது குழலையே சுற்றி அமைந்தது.

இத்தகைய வில்லைத் தேர்ந்தெடுப்பது பிற நாடுகளில் கைவினைஞனின் கணக்காக இருக்க, பிரித்தானிய இந்தியாவில் அது காவல்துறையின் கணக்காயிற்று. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி, வாள், ஈட்டி ஆகியவற்றை மட்டுமன்றி ஆயுதங்களின் உறுப்புகளையும், அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் ஆயுதம் என்றே வரையறுத்தது. பர்மா 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்ததால், ரங்கூனின் மேற்கில் ஆற்றங்கரையை ஒட்டிய அலோனுக்கும் திருநெல்வேலிக்கும் விதி ஒன்றே. அந்தச் சட்டத்தின் கீழ் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் விலக்களித்துவிட்டு உள்நாட்டு மக்களிடம் மட்டும் உரிமம் கேட்டது, பாதுகாப்பைவிட அச்சத்தையே காட்டுகிறது.

அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 1911 சூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் விடுதலைப் போராளி வாஞ்சிநாதன் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டது பிரௌனிங் கைத்துப்பாக்கியால்தான். அவருக்குப் பயிற்சியளித்தவர் எனப்படும் வ.வே.சு. ஐயர், இலண்டன் செல்லுமுன் ரங்கூனில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர். பயிற்சி நடந்த புதுச்சேரியோ பிரெஞ்சு மண். பிரித்தானிய இந்தியாவின் ஆயுதச் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிட்டது.

1942இல் ரங்கூனைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை அதிகாரிகள் ஏந்திய 14ஆம் வகை நம்பு கைத்துப்பாக்கியில் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு மீள்விற்கள் இருந்தன. ஒன்று தளர்ந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது முறை என்பதால், 1945இல் ஜப்பான் சரணடைந்து உற்பத்தி நின்ற பிறகு அத்தகைய துப்பாக்கியைப் பேணுவது கடினமாயிற்று. போர் விட்டுச்சென்ற ஆயுதங்கள் நாடெங்கும் பரவியிருந்த நிலையில், 1949 சனவரி இறுதியில் அலோனில் கரேன் இனத்தவரின் குடியிருப்பு மோதலில் தீக்கிரையாக, அதை ஒட்டியே ரங்கூனுக்கு அருகே கரேன் கிளர்ச்சியாளருக்கும் அரசுக்கும் இடையே இன்செயின் போர் மூண்டது. விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்த பர்மிய அரசுக்கு அன்று இந்தியா ஆயுதம் அனுப்பி உதவியது.

இந்தியா 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றி 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கைவிட்டது. அதிலும் உறுப்புகள் ஆயுதமாகவே எண்ணப்படுகின்றன. பர்மாவாக இருந்த மியன்மாரில் பழைய சட்டமே நீடிப்பதால், அலோனில் இன்று உரிமமின்றி ஒரு துப்பாக்கி உறுப்பை வைத்திருப்பவர்மீதும் விக்டோரியா காலத்துப் பிரிவுகளின்படியே வழக்குத் தொடரலாம்.