ரோட்டுக் கடை தெருவுக்குள் வந்த கதை

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். ஆனா கடையே ரோட்டோரம் இருந்தா? வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன கேள்வி இது. வழக்கு டெல்லி வரை போனது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சின்ன ஊர்களுக்குப் பிறகு 220 மீட்டர் என்று குறைத்தார்கள். 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன.

அப்பாடா என்று உட்கார விடவில்லை. மூடிய கடைகளைக் குடியிருப்புப் பக்கம் திறக்க வந்தார்கள். பல ஊர்களில் பெண்கள்தான் முதலில் போய் மறித்தாங்க. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஏப்ரல் 11 அன்று, மறியலுக்கு வந்த பெண் ஒருவரைப் போலீஸ் அதிகாரி அறைந்ததை நாமெல்லாம் டிவியில் பார்த்தோம். பயந்து வீட்டுக்குள் போவாங்கன்னு நினைச்சிருப்பாங்க போல. போராட்டம் இன்னும் பரவியது. மே 1 கிராம சபைகளில், ‘எங்க ஊருக்குக் கடை வேண்டாம்’ என்று பல ஊர்கள் தீர்மானம் போட்டன.

அதே ஜூலையில், சண்டிகர் வழக்கொன்றில், நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் சொன்னது. நம்ம மன்னார்குடியும் நகராட்சிதான்.