குப்பை கூறும் வரலாறு

ஓர் ஊரின் பெருமையை அதன் கோபுரத்தைக் கொண்டு அளப்பார் பலர். அவ்வூர் தன் குப்பையை யார் தலையில் ஏற்றுகிறது என்பதைக் கொண்டும் அளக்கலாம் என்பது எம் கருத்து.

சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டிற்கு 1866-ஆம் ஆண்டிலேயே நகராட்சி வாய்த்தது. பின்னாளில் கேரள நகரங்கள் பலவற்றில் தெருக்கூட்டவும் மலம் அள்ளவும் அழைத்து வரப்பட்டோருள் தமிழ் பேசும் எளிய மக்கள் பலர். வீட்டார் எறிந்தனர், அவர்கள் சுமந்தனர். ஆலப்புழையில் அவ்வாறு உழன்ற ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் ‘தோட்டியுடெ மகன்’ என்னும் நாவலாக்கினார். சுந்தர ராமசாமி அதனைத் தமிழில் தந்தார். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையை 1993, 2013 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் விலக்கின.

ஆயினும் சுமை இடம் மாறிற்றேயன்றி ஒழியவில்லை. நகரத்துக் குப்பை அயலூர்களில் மலையெனக் குவிந்தது. ஆலப்புழையின் குப்பையைத் தாங்கிய சர்வோதயபுரத்து மக்கள் 2012-இல் வண்டிகளை மறித்தனர். அதன்பின் அந்நகரம் நல்வழி கண்டது. சோற்றுக் கழிவும் காய்கறித் தோலும் வீடுகளிலும் தெருவோர உரத்தொட்டிகளிலும் எருவாயின. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு உலகின் முன்மாதிரி நகரங்கள் ஐந்தனுள் ஒன்றாக அதனைப் பாராட்டிற்று. கொச்சியிலோ, 2023 மார்ச்சுத் திங்களில் பிரமபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பத்து நாள்களுக்கு மேல் புகைந்தது.

நம் எல்லைப்புறத்திற்கு வருவோம். 2016-இல் ஹரித கேரளம் இயக்கம் தோன்றியது. அதன் வழி அமைந்த ஹரித கர்ம சேனையின் பெண்கள் இன்று கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் வீடுதோறும் வருகின்றனர். ஊராட்சிகளில் வீட்டிற்கு மாதம் 50 ரூபாய் கட்டணம். அவர்கள் பெற்றுக்கொள்வது கழுவி உலர்த்திய பிளாஸ்டிக் முதலிய காய்ந்த பொருள்களையே. உணவுக் கழிவு வீட்டாரின் பொறுப்பு. அதைக் கண்டபடி குவித்தால் விளைவது யாது? மூணாற்றுக் கல்லாறு கிடங்கில் காய்கறிக் கழிவை நாடிக் காட்டானை வந்ததை நம்மவர் அறிவர்.

இச்சேனைப் பெண்கள் வேற்றார் அல்லர். நம் அண்டை வீட்டுச் சகோதரிகள். மீன் முள்ளும் புளித்த சோறும் கலந்த பையை அவர்கள் கையில் கொடுப்பது, பழைய தோட்டியின் கூடையை மீண்டும் ஒருவர் தலையில் ஏற்றுவதை ஒக்கும். வரிசை வீடுகளில் இடம் குறைவு என்பது மெய்யே. நாலு வீட்டிற்கு ஓர் உரத்தொட்டி வைக்க இடம் இல்லாமற் போகாது. அவ்வெருவில் விளையும் கீரையை நாலு வீட்டாரும் பகிர்ந்து உண்போமாக.