நோட்டீஸ் இல்லாத வேலைநிறுத்தம்: விமானப் பணிக்குழுவின் போராட்டமும் பயணியின் இழப்பும்

2024 மே 7 செவ்வாய் இரவு, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் மூத்த கேபின் ஊழியர்கள் பணிக்கு ஏற வேண்டிய கடைசி நேரத்தில் உடல்நலமில்லை என்று ஒருவர் பின் ஒருவராகத் தகவல் சொன்னார்கள். பலருடைய கைப்பேசிகள் அதன்பின் அணைந்துவிட்டன. விடிந்தபோது கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர், திருவனந்தபுரம் நிலையங்களில் வளைகுடா விமானங்கள் வரிசையாக ரத்தாகியிருந்தன. 9ஆம் தேதிக்குள் ரத்தானவை 170-ஐத் தாண்டின. நிறுவனம் 25 பேரை வேலைநீக்கம் செய்தது. பிறகு 9ஆம் தேதி டெல்லியில் மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் நடந்த பேச்சில், நீக்கியவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிர்வாகமும் உடனே பணிக்குத் திரும்ப ஊழியர்களும் இசைந்தார்கள். அந்தப் பேச்சில் பயணிகள் சார்பில் உட்காரச் சட்டம் யாருக்கும் நாற்காலி ஒதுக்கவில்லை.

இத்தகைய போராட்டங்களைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறது. ஊழியர்கள் பொறுப்பற்றவர்கள் என்பது ஒன்று. நிர்வாகம் ஈவிரக்கமற்றது என்பது மற்றது. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் பயணி அடையும் சேதத்தின் பெரும்பகுதி இவ்விரு தரப்பின் குணத்தால் விளைவதன்று, இரண்டு விதிகளால் விளைவது என்பதே இக்கட்டுரையின் வாதம். முதலாவது, முறையாக அறிவித்து வேலைநிறுத்தம் செய்வதை ஏறத்தாழ இயலாததாக்கும் தொழிலாளர் சட்டம். இரண்டாவது, சொந்த ஊழியரின் வேலைநிறுத்தத்தை வெள்ளம், கலவரம் போன்றவற்றோடு ஒரே பட்டியலில் சேர்த்து விமான நிறுவனத்தை இழப்பீட்டிலிருந்து விடுவிக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதி.

முதலில் தகராறு. டாடா குழுமம் ஏர் இந்தியாவை வாங்கியபின், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸை முன்னாள் ஏர் ஏசியா இந்தியாவுடன் இணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இணைப்பு 2024 அக்டோபர் 1 அன்று நிறைவேறியது. ஊதிய அமைப்பு மாறியது, படிகள் போயின, மூத்த பதவிக்கான நேர்காணலில் தேறியவர்களுக்குக் கீழ்நிலைப் பதவி தரப்பட்டது என்பவை ஊழியர்களின் குறைகள். பாரதிய மஸ்தூர் சங்கத்தோடு இணைந்த ஊழியர் சங்கம் இவற்றைத் தொழிலாளர் துறையிடம் கொண்டுபோயிருந்தது. தொழிலாளர் சட்டங்கள் மீறப்படுவதாக டெல்லி வட்டாரத் தொழிலாளர் ஆணையரே போராட்டத்துக்கு முன்பு டாடா குழுமத் தலைமைக்கு எழுதினார். ஆகவே மே 7 இரவை வானத்திலிருந்து விழுந்த இடி என்று நிர்வாகம் சொல்ல முடியாது. பயணிக்கு மட்டும்தான் அது இடி.

எத்தனை பேர் வராததால் இவ்வளவு? முதல் நாளில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வரவில்லை, 90-க்கும் அதிகமான விமானங்கள் பாதிக்கப்பட்டன என்று நிறுவனத்தின் மேலாண் இயக்குநர் அலோக் சிங் ஊழியர்களுக்கு எழுதினார். 2,000-க்கும் மேற்பட்ட கேபின் ஊழியர்கள் வழக்கம்போல வேலைக்கு வந்தார்கள் என்பதும் அவர் சொன்னதே. விளக்கம் எளிது. வராதவர்களில் பெரும்பாலோர் ‘எல்-ஒன்’ எனப்படும் நிலையில் இருந்தவர்கள். அதாவது விமானத்தின் முன்புற இடது கதவுக்குப் பொறுப்பான, கேபினுக்குத் தலைமை தாங்கும் மூத்தவர். ஐம்பது இருக்கைகளுக்கு ஒருவர் வீதம் கேபின் ஊழியர் இருந்தே ஆக வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. 189 இருக்கை கொண்ட போயிங் 737-க்கு நால்வர். அந்த நால்வரில் தலைமையேற்கத் தகுதி பெற்றவர் இல்லையென்றால், விமானி, எரிபொருள், பயணி, பெட்டி எல்லாம் தயாராக இருந்தும் விமானம் நகராது. ட்ராலி தள்ளிச் சாயா கொடுப்பவர்கள் என்றே நாம் பார்த்துப் பழகிய இவர்கள் சட்டத்தின் பார்வையில் பாதுகாப்புப் பணியாளர்கள். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய இதே நிறுவனத்தின் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தபின் 141 பேருடன் பத்திரமாகத் தரையிறங்கியது. அப்படிப்பட்ட நேரங்களுக்காகத்தான் அவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

சட்டத்தின் முதல் ஓட்டை இங்கே தெரிகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஒரே நாளில் ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தம் என்கிறது. தலைகளை எண்ணுகிற சட்டம் இது. விமானமோ பதவிகளால் ஓடுகிறது. சிறு பகுதியினர் வராததாலேயே 170-க்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாகும் என்று 2024 மே காட்டியபிறகும், ‘பாதிப் பேர்’ என்ற அளவுகோலை வைத்து எதைத் தடுக்கப் போகிறோம்?

இரண்டாவது ஓட்டை பழையது, ஆழமானது. புதிய தொகுப்பு வரும் வரை நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருந்தது. 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் அதில் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின்படி, நோட்டீஸ் சமரச அலுவலர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலேயே சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கருதப்பட்டது. சமரசம் நிலுவையில் இருக்கும் வரையிலும், அது முடிந்து ஏழு நாட்கள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது; இந்தத் தடைகள் புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன. நோட்டீஸ் கொடுக்காமல் நின்றால் சட்டவிரோதம். கொடுத்தால் அந்த நோட்டீஸே வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் நடவடிக்கையைத் தொடங்கிவைக்கிறது. சமரசத்தை இழுத்தடிப்பதால் லாபம் யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை. இப்படி வாசலை அடைத்தால் ஆட்கள் சன்னல் வழியாகத்தான் வெளியேறுவார்கள். மருத்துவ விடுப்பு அந்தச் சன்னல். 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் ஐந்து நாள் இதே வழியில் வெளியேறினார்கள்.

இதனால் ஊழியர் சங்கம் பழியிலிருந்து தப்பிவிடாது. கடைசி நிமிட மருத்துவ விடுப்பு, பயணியைப் பொறுத்தவரை போராட்ட வடிவங்களிலேயே கொடியது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஒரு பெண், மஸ்கட் மருத்துவமனையில் இருந்த கணவரைப் பார்க்க மே 8-க்கு டிக்கெட் எடுத்திருந்தார். விமானம் ரத்து. அடுத்த நாள் முயற்சியும் பலிக்கவில்லை. 13ஆம் தேதி கணவர் இறந்துபோனார். இரண்டு வாரம் முன்பே வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டிருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே அவர் வேறு நிறுவனத்தைத் தேடியிருக்க முடியும். நோட்டீஸை யார் கேட்கிறார்கள், யார் தருகிறார்கள் என்பதைவிட அது யாருக்குப் பயன்படுகிறது என்பதே இங்கு முக்கியம். பயணிக்கு.

மங்கலத்திலிருந்து பார்க்கும்போது இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. திருப்பூருக்கு மேற்கே நொய்யலை ஒட்டிய இந்த ஊரும் சோமனூர், பல்லடம் வட்டாரமும் வேலைநிறுத்தத்துக்குப் புதியவை அல்ல. 2021 நவம்பரில் பேசி முடித்த கூலி உயர்வை ஜவுளி உற்பத்தியாளர்கள் தரவில்லை என்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலி விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள்; வாரக்கணக்கில் நின்றது. அதற்கும் முன்னால், 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் நின்றார்கள். கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்துவது, வட்டிக்காரர் வாசலுக்கு வருவது எல்லாம் இந்த வட்டாரத்துக்குப் பழக்கம். ஆனால் அப்போதெல்லாம் சேதம் பெரும்பாலும் தகராறில் இருந்த இரு தரப்புக்குள்ளேயே நின்றது. பாவு தறியில் காத்திருக்கும், நூல் குடோனில் காத்திருக்கும். கூலி பேசி முடிந்த மறுநாள் அதே இழையிலிருந்து நெய்யத் தொடங்கலாம். காலை 8 மணி விமானத்தின் இருக்கையை மறுநாளுக்கு எடுத்துவைக்க முடியாது. விசா முடியும் தேதியும், வேலையில் சேர வேண்டிய தேதியும், நோயாளியின் மூச்சும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை காத்திருப்பதில்லை. அதனால்தான் விமானத் தொழிலில் மூன்றாம் தரப்பின் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அது சொல்லும் பதில் விசித்திரமானது. டிஜிசிஏ விதிப்படி, ரத்தாகும் விமானத்தைப் பற்றிக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பயணிக்குத் தெரிவித்து, மாற்று விமானமோ பணமோ தர வேண்டும். உரிய காலத்தில் தெரிவிக்காமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதை இழப்பீடாகத் தர வேண்டும். ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரணச் சூழல் என்றால் இழப்பீடு இல்லை. அந்தச் சூழல்களின் பட்டியலில் இயற்கைப் பேரிடர், உள்நாட்டுப் போர், கலவரம், வெள்ளம், வெடிவிபத்து ஆகியவற்றோடு வேலைநிறுத்தமும் தொழில் தகராறும் இடம்பெற்றிருக்கின்றன. யாருடைய ஊழியர், எதனால் நின்றார் என்ற கேள்வியே அங்கில்லை.

வேலைநிறுத்த நோட்டீஸ் 14 நாள். ரத்து அறிவிப்பு இரண்டு வாரம். ஒன்று தொழிலாளர் துறையின் ஏட்டில், மற்றது விமானத் துறையின் ஏட்டில். இரண்டும் ஒரே கால அளவு என்பது தற்செயலாக இருக்கலாம். இணைத்துப் படித்தால் மட்டும் ஒரு முழுமையான ஏற்பாடு கிடைக்கிறது. ஊழியர் நோட்டீஸ் கொடுக்கும் நாளிலேயே நிறுவனம் பயணிகளுக்குச் செய்தி அனுப்பலாம். அனுப்பாமல் பேசி இழுத்தால் இழப்பீடு தர வேண்டிவரும். அந்தச் செலவே நிர்வாகத்தைப் பேச்சுக்கு விரைவாக உட்கார வைக்கும். இப்போதுள்ள விதிவிலக்கு அந்த அழுத்தத்தைப் பிடுங்கிவிடுகிறது.

இந்த விலக்கு எவ்வளவு பெரிய சலுகை என்பது ஏற்றுமதிக்காரர்களுக்குத்தான் நன்றாகப் புரியும். டெய்லர்கள் கூலித் தகராறில் வராமல் ஆர்டர் ஒரு வாரம் பிந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் தேதி தவறிவிட்டால் பையரிடம் “எங்கள் ஆட்கள் வேலைநிறுத்தம்” என்று சொல்லி நழுவ முடியுமா? செக்கிங் முடித்து அட்டைப் பெட்டி கட்டிய சரக்கை ஏர் ஷிப்மென்ட் போட வேண்டியதுதான். அந்தச் செலவு பனியன் கம்பெனியின் தலையில். சில ஆர்டர்களில் மொத்த லாபமும் அதிலேயே போய்விடும். சில நூறு டெய்லர்களை வைத்து நடத்துபவர் ஏற்கும் பொறுப்பை, டாடா குழுமத்தின் விமான நிறுவனம் ஏற்க வேண்டியதில்லை என்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஐரோப்பா இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்டது. 2016 செப்டம்பர் 30 அன்று ஜெர்மனியின் டியூஐஃபிளை நிறுவனம் மறுசீரமைப்பைத் திடீரென அறிவித்தது. அடுத்த நாட்களில் ஊழியர்கள் கூட்டமாக மருத்துவ விடுப்பில் போனார்கள், விமானங்கள் ரத்தாயின. நம் 2024 மேயின் மூத்த சகோதரன் என்று இதைச் சொல்லலாம். 2018 ஏப்ரல் 17 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நிறுவனமே எடுத்த முடிவிலிருந்து கிளம்பிய இந்த எதிர்ப்பு அசாதாரணச் சூழல் ஆகாது, பயணிக்கு இழப்பீடு உண்டு என்றது. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் வழக்கில் 2021 மார்ச் 23 அன்று, சங்கம் முறைப்படி நடத்திய விமானிகள் வேலைநிறுத்தத்துக்கும் இதையே நீட்டித்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்றவை வெளியிலிருந்து வருபவை என்பதால் அவற்றை நிறுவனத்தின் கணக்கில் அது வைக்கவில்லை. நமக்கும் இந்தப் பிரிவினையே போதும்.

இழப்பீடு கட்டாயமானால் சங்கங்களின் கை ஓங்கிவிடும், டிக்கெட் விலை ஏறும் என்று எதிர்வாதம் வரும். ஓரளவு ஏறலாம். ஆனால் இப்போதும் அந்த விலையை யாரோ கொடுக்கத்தான் செய்கிறார்கள். திருப்பூரில் ரயிலேறி ஆலுவாவில் இறங்கி நெடும்பாசேரி விமான நிலையம் போய்ச் சேர்ந்தபின் ரத்துச் செய்தியைப் படிக்கும் குடும்பம், வேறு நிறுவனத்தில் கடைசி நேர டிக்கெட்டை எடுத்து அதைக் கொடுத்துவிடுகிறது. ட்ராவல்ஸ் மூலம் எடுத்த டிக்கெட்டின் பணம் திரும்பக் கைக்கு வர வாரங்கள் ஆவது தனி. எல்லோருக்கும் சிறிதாகப் பகிர வேண்டிய செலவு, அன்றைக்கு அகப்பட்ட சிலர் மேல் மொத்தமாக விழுகிறது.

அரசு தலையிட முடியாது என்பதும் சரியல்ல. 2025 டிசம்பரில் இண்டிகோ, விமானிகளின் புதிய பணிநேர விதிகளுக்கு ஆயத்தமாகாமல் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தபோது, உள்நாட்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். பணத்தைத் திருப்பித் தரக் கெடு விதிக்கப்பட்டது. அங்கே வேலைநிறுத்தம் எதுவும் இல்லை. ஆள் கணக்கைத் தவறாகப் போட்டது நிர்வாகம் என்பது வெட்டவெளிச்சமாக இருந்ததால் பொறுப்பும் அங்கே போய் நின்றது. ஊழியர்கள் பெயர் கலந்துவிட்டால் மட்டும் அதே இழப்பு இயற்கைப் பேரிடராக மாறிவிடுகிறது.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. விதிவிலக்குப் பட்டியலிலிருந்து நிறுவனத்தின் சொந்த ஊழியர் தகராறை டிஜிசிஏ எடுத்துவிட வேண்டும். வேலைநிறுத்த நோட்டீஸ் வந்த அன்றே பயணிகளுக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். சமரசத்துக்குக் கறாரான கெடு வைத்து, அது கடந்தால் அறிவித்துவிட்டு நிற்கும் உரிமையை ஊழியருக்குத் திருப்பித் தர வேண்டும். சங்கங்களும் அதன்பின் மருத்துவச் சான்றிதழுக்குப் பின்னால் ஒளிவதை விட்டுவிட வேண்டும்.

அதுவரை பயணி கைகட்டி நிற்க வேண்டியதில்லை. டிஜிசிஏ விதி சொல்வது குறைந்தபட்சம்தான். சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தை நாடும் உரிமையை அது பறிக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. டிக்கெட், ரத்துச் செய்தி, மாற்று டிக்கெட்டின் ரசீது இந்த மூன்றையும் பத்திரமாக வைத்திருப்பவர், மங்கலத்திலிருந்து திருப்பூர் வரை போனாலே போதும்.